கிழக்கே முப்பத்தெட்டு டிகிரி

பிப்ரவரி 10, செவ்வாய்

மாசி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் என்ன வெயில். திருவரங்குளத்தில் ஏறியதும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. கண்டக்டர் ஒரு பையனை எழுப்பினார். "காலு முடியாத புள்ள வருது, எந்திரிப்பா!" பஸ் முழுக்கக் கேட்டது. இடம் வேண்டும், அறிவிப்பு வேண்டாம். தனித்தனியாகக் கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியவை: கேலிப்பர் தொடைப் பட்டை தைக்கக் கொடுக்க. லேப் ரெக்கார்டு நோட்டில் இரண்டு படம். கிளாஸ் தோழி சகாவிடம் கால்குலேட்டர் திருப்பி வாங்க. தலைக்கு எண்ணெய்.

மதியம் லேப். கம்பிச் சுருள் எக்ஸ்பெரிமென்ட், என் முறை. ஒரே கருவிதான், பொங்கல் லீவு முடிந்ததிலிருந்து வாரத்துக்கு நாலு பேராக முறை வைத்துச் செய்கிறோம். சுருளுக்கு இரண்டு பக்கமும் நீளமாக மரச்சட்டம், கிழக்கு மேற்காக. சட்டத்தின் மேல் காம்பஸ் பெட்டி. சுருளில் கரண்ட் விட்டால் முள் திரும்பும். கிழக்கே பத்து செ.மீ.யில் எத்தனை டிகிரியோ, மேற்கே பத்து செ.மீ.யிலும் அத்தனை வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு மேற்கே 42. கிழக்கே 38.

திரும்ப எடுத்தேன். கரண்ட்டை மாற்றி விட்டு எடுத்தேன். 38தான். போன வாரம் செய்த சகாவுக்கு இரண்டு பக்கமும் 42. முத்துராஜுக்கு 42, 41. எல்லாருக்கும் பொருந்துகிறது, எனக்கு மட்டும் இல்லை.

லேப் சார் வந்து பார்த்தார். காம்பஸைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

"ஏம்மா கோகிலா, இரும்பு பக்கத்துல இருந்தா முள்ளு எப்பிடிம்மா ஒழுங்கா நிக்கும்? நீ கெழக்கதான ஒக்காந்துருக்க?"

ஆமாம். லேப்பில் என் ஸ்டூல் முதல் வருஷத்திலிருந்தே அந்த மேசையின் கிழக்கு ஓரத்தில், ப்ளைவுட் தடுப்பை ஒட்டி. யாரும் நடக்கும் வழியில் இல்லாத இடம். மூன்று வயதுக் காய்ச்சலில் வலது கால் போனது. தொடையிலிருந்து பாதம் வரை காலைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிச் சட்டம், கேலிப்பர். இது நான் எழுதி வைக்க வேண்டிய சங்கதியே இல்லை. இன்று பதினாலு பேரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்பிப் பார்த்ததால் எழுதுகிறேன்.

முத்துராஜ், "ஒங் காலே மேக்னெட்டா?" என்றான். முதல் வருஷம் முழுக்க என்னை, லேப்பில் அளவெடுக்கும் வெர்னியர் கேலிப்பரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவன். வேறு சரக்கே கிடையாது அவனிடம்.

பிப்ரவரி 12, வியாழன்

சார் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார். நல்ல செய்திக்கு யாரும் உட்காரச் சொல்வதில்லை.

"பிராக்டிகல் பரீட்சைல எந்த எக்ஸ்பெரிமென்ட்டுன்னு நீ சீட்டு எடுக்க வேணாம்மா. ஒனக்கு ஈசியா ஒண்ணு நானே குடுத்துர்றேன். வெளிய இருந்து பரீட்சைக்கு வர்ற எக்ஸ்டர்னல்ட்ட சொல்லிக்கலாம்."

"வேணாம் சார், நானும் எடுக்குறேன்."

"சீட்டுல அந்தக் கம்பிச் சுருள், காயில் வந்துட்டா என்னம்மா செய்வ? மார்க்கு போயிரும்."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எம்.எஸ்ஸி.க்கு ஃபிசிக்ஸ் வேண்டாமாம். இந்த ஒரு எக்ஸ்பெரிமென்ட்டுக்கே இப்படி என்றால் அங்கே தினமும் லேப், என்ன செய்வாய் என்கிறார். மேத்ஸ் போட்டால் உட்கார்ந்தே படிக்கலாமாம். "ஒன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்." நல்ல மனுஷன். உண்மையிலேயே அக்கறைதான். அதனால்தான் சண்டை போட முடியவில்லை. கெட்டவராக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

மதியம் புளிசாதம். பாதி டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

துணி துவைத்தேன். அம்மா முந்திரித் தோப்புக்குப் போய்விட்டுப் பத்து மணிக்கு வந்தாள். பூ நன்றாகப் பிடித்திருக்கிறதாம். சார் சொன்னதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"சாரே சொல்லிட்டாருல்ல. மேத்ஸு, பி.எட்., இங்கிட்டே ஒரு ஸ்கூலு. நின்னுக்கிட்டே செய்ற படிப்பு ஒனக்கு எதுக்குடி?"

"எனக்குப் புடிச்சிருக்கு."

"புடிச்சா? எனக்குந்தான் ஏரோப்ளேன் ஓட்டப் புடிச்சிருக்கு."

சிரித்துவிட்டேன். கோபமாக இருந்தபோது சிரிக்க வைத்தது இன்னும் கோபம்.

மத்தியானம் ஒரு வேலை செய்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் மாம்பழக் காந்தத்தை எடுத்துக் கேலிப்பர் முழுக்க வைத்துப் பார்த்தேன். பக்கக் கம்பிகளில் ஒட்டவே இல்லை, வழுக்கி விழுகிறது. அலுமினியம். முழங்கால் பூட்டிலும் ஷூவுக்கு அடியிலும் மட்டும் ஒட்டுகிறது. அங்கே மட்டும்தான் இரும்பு, என் கட்டை விரல் அளவு.

இவ்வளவு சின்ன இரும்பு மேசைக்குக் கீழே இருந்துகொண்டு நாலு டிகிரி இழுக்குமா? தெரியவில்லை. தெரியாததை லேப்பில்தானே பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

பார்த்தாயிற்று.

சாப்பாட்டு நேரம். சார் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். சகாவைக் கதவில் நிறுத்தினேன். முதலில் ஸ்டூலை மேற்கே போட்டு உட்கார்ந்தேன். என் கால்தான் காரணம் என்றால் இப்போது மேற்கே குறைய வேண்டும். குறையவில்லை. மேற்கே 42, கிழக்கே 38.

அப்புறம் கதவைத் தாழ் போடச் சொல்லிக் கேலிப்பரைக் கழற்றினேன். வீட்டுக்கு வெளியே கழற்றியது இதுவே முதல் தடவை. சகா அதை எடுத்துக்கொண்டு லேப்பின் அந்தக் கோடிக்குப் போனாள். "ஆத்தாடி, என்னா கனங்கனக்குது. இத மாட்டிக்கிட்டா மாடி ஏறுற?" என்றாள். கிழக்கே 38.

பூட்டைக் காம்பஸ் பெட்டியோடு ஒட்ட வைத்தால் முள் லேசாக அசைகிறது. ஒரு முழம் தள்ளி வைத்தால் ஒன்றுமே இல்லை.

கால் இல்லை! வேறு ஏதோ. என் கால் இல்லை. கத்த வேண்டும் போல இருந்தது. சகாவின் முகத்தைப் பார்த்தேன், அவள் சந்தோஷப்படவில்லை.

"அப்ப ஒனக்கு மட்டும் எப்பிடிடீ ரெண்டு பக்கமும் 42 வந்துச்சு?" என்றேன்.

கேலிப்பரைக் கை மாற்றிப் பிடித்தாள். பிறகு சொன்னாள். கிழக்குப் பக்கம் அவள் எடுக்கவே இல்லை. மேற்கே எடுத்ததை அப்படியே கிழக்குக் கட்டத்திலும் எழுதியிருக்கிறாள். முத்துராஜும் அப்படித்தான், சந்தேகம் வராமல் இருக்க ஒன்றைக் குறைத்திருக்கிறான். எல்லாருமே அப்படித்தான். எடுக்காத ரீடிங்கை எடுத்த மாதிரி எழுதுவதற்கு எங்கள் கல்லூரியில் 'குக்' என்று பெயர். ஒன்றிரண்டு எல்லாரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் இது ஏன்?

"கெழக்க நீ ஸ்டூலப் போட்டு ஒக்காந்துருந்த. ஒன்ன எந்திரி எந்திரின்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சுடி. ஒனக்காகத்தான் அந்தப் பக்கத்த விட்டோம்."

எனக்காக! பதினாலு பேர் என்மேல் இரக்கப்பட்டுக் கிழக்குப் பக்கத்தை எடுக்கவில்லை. அந்த இரக்கம் பதினாலு ரெக்கார்டில் 42 என்று ஏறி, கடைசியில் தப்பு என் காலில் வந்து நிற்கிறது. சிரிப்பதா அழுவதா?

"சார்ட்ட சொல்லணும்" என்றேன்.

"சொல்லிராத. ரெக்கார்டெல்லாம் சைன் ஆயிருச்சு. எல்லாரும் திரும்ப எடுக்கணும், திரும்ப எழுதணும். என்னையத்தான் மொதல்ல கேப்பாரு. ஒனக்குத்தான் ஈசியாக் குடுக்குறேன்னுட்டாருல்ல, வாங்கிக்கயேன்டி."

கேலிப்பரைக் கொடு என்று வாங்கி மாட்டிக்கொண்டேன். அவளோடு பஸ் ஸ்டாண்டு வரை நடக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

சகா கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுத்தாள். பேட்டரி தீர்ந்திருக்கிறது.

"சொல்லல போ" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். எரிச்சலில்தான் சொன்னேன். அவள் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போனாள்.

பிப்ரவரி 26, வியாழன்

ஒன்றுமில்லை. க்வாண்டம் பாடம் இரண்டு மணி நேரம், பாதி புரிந்தது. தொடைப் பட்டை தைத்து வந்தது, உரசுகிறது. பவுடர் போட்டேன்.

சார் எதிரே வந்தார். "மேத்ஸ் யோசிச்சியாம்மா?" தலையாட்டினேன். என்ன அர்த்தத்தில் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். சொன்னால் சகாவுக்குக் கேடு, சொல்லாவிட்டால் எனக்கு மேத்ஸ். மேத்ஸ் கெட்டது இல்லை. ஆனால் நானாகப் போக வேண்டும், செய்யாத தப்புக்குத் தண்டனையாகப் போகக் கூடாது.

மார்ச் 5, வியாழன்

விரலெல்லாம் வலிக்கிறது. இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் இருக்கும்.

மாடல் பிராக்டிகல். சார் ஒரு எவர்சில்வர் தட்டில் சீட்டுகளைப் போட்டுக்கொண்டு வந்தார். வரிசையாக எல்லாரும் எடுத்தார்கள். என் முன்னால் வந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போனார். எனக்குத் தெரியும், போவார் என்று. தெரிந்தும் முகம் சுட்டது.

"சார், எனக்கும் சீட்டு."

"நாம பேசுனோம்ல?"

"காயில் வந்தா வரட்டும் சார். என் கால்ல தப்பு இல்ல."

"அப்பறம் மத்தவங்களுக்கு மட்டும் எப்பிடிம்மா ரெண்டு பக்கமும் ஒண்ணா வருது?"

சகா பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பதில் என் வாயில் இருந்தது. சொல்லவில்லை. கேலிப்பர் பட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தேன். வெல்க்ரோ அவ்வளவு சத்தம் போடும் என்று இன்றுதான் தெரிந்தது. தொடை, முழங்கால், கெண்டை, கடைசியில் ஷூ. மொத்தத்தையும் சாரிடம் நீட்டினேன்.

"இத வெளிய வச்சுட்டு வாங்க சார். வந்து நீங்களே எடுங்க. நான் தொடவே மாட்டேன்."

அவருக்கு எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வராண்டாவுக்குப் போனார். திரும்பி வந்து குனிந்து பார்த்தார். மேற்கே 42. கிழக்கே 38. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம். 38.

என்னையும் ஸ்டூலோடு தள்ளி உட்காரச் சொன்னார். சகா பிடித்து நகர்த்தினாள், என் முகத்தைப் பார்க்காமல். 38. தன் சாவிக்கொத்தை எடுத்து வெளியே வைத்தார். 38. அப்புறம் கிழக்கே இருந்த ப்ளைவுட் தடுப்பை விரலால் தட்டினார்.

"இதுக்குப் பின்னாடி என்ன கெடக்கு?"

ஸ்டோர் ரூம். திறந்தார்கள். தடுப்போடு ஒட்டிச் சாத்தி வைத்திருந்தது பொங்கல் விழாவுக்கு வாங்கிய பெரிய ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே எத்தனை பெரிய காந்தம் இருக்கும்! முத்துராஜும் இன்னொருத்தனும் இழுத்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோனார்கள். சார் எடுத்தார். கிழக்கே 42.

எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காதவர் சார் மட்டும். மேசையில் கிடந்த ரெக்கார்டு ஒன்றை எடுத்தார், அடுத்ததை எடுத்தார்.

"ஸ்பீக்கரு பொங்கல்லேருந்து அங்கதான் இருக்கு. நீங்க எல்லாரும் கெழக்க எப்பிடி 42 எடுத்தீங்க?"

முத்துராஜ் தன் ரெக்கார்டை மெல்ல மூடினான். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நாளை மறுநாள் எல்லாரும் வந்து திரும்ப எடுக்க வேண்டும், ரெக்கார்டில் போட்ட கையெழுத்து செல்லாது என்றார். பெல் அடித்தது. "சனிக்கெழமையும் வர வச்சுட்டா" என்று யாரோ. பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் போனார்கள். சார் ஸ்பீக்கர் விஷயமாக ஆஃபீஸுக்குப் போனார். சகாவும் போய்விட்டாள்.

லேப்பில் நான் மட்டும். என் கேலிப்பர் வராண்டாவில்.

அதை யாருமே நினைக்கவில்லை. எனக்கே நாலைந்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. கூப்பிட்டால் யாராவது வருவார்கள். கூப்பிட வாய் வரவில்லை. எழுந்தேன். கேலிப்பர் இல்லாமல் நான் நடப்பது ஒரே விதம்தான்: வலது கையைத் தொடையில் ஊன்றி, குனிந்து, ஒவ்வொரு அடிக்கும் காலைக் கையால் தள்ள வேண்டும். வீட்டில் பாத்ரூமுக்கு அப்படித்தான் போவேன். அம்மா தவிர ஒருவரும் பார்த்ததில்லை.

வராண்டா முழுக்கக் காமர்ஸ் பிள்ளைகள். பார்த்தார்கள். ஒரு பெண் "அக்கா, பிடிக்கவா?" என்றாள். "வேணாம்மா, அந்தா அத மட்டும் எடுத்துக் குடு" என்றேன். கொடுத்தாள். படியில் உட்கார்ந்து மாட்டினேன். செத்துப்போய்விடுவேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்த காரியம். சாகவில்லை. பாத்ரூமுக்குப் போய் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 7, சனி

எல்லாரும் திரும்ப எடுத்தோம். எனக்கு 42, 41½. அரை டிகிரியை ஒன்றும் செய்யவில்லை, அப்படியே எழுதினேன். சார் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மேத்ஸ் பேச்சை எடுக்கவில்லை. "கேலிப்பர அன்னைக்கு வெளியவே விட்டுட்டேன்மா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். பரவாயில்லை சார் என்றேன். பரவாயில்லை இல்லைதான். ஆனால் வேறு என்ன சொல்வது?

சகா பேசவில்லை. அவள் முறை வந்தபோது என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்திரி. கெழக்க எடுக்கணும்."

எழுந்தேன்.

மார்ச் 11, புதன்

சகா இன்னும் முகம் கொடுக்கவில்லை. சொல்ல மாட்டேன் என்றுவிட்டு இப்படிச் செய்ததில் அவள் கோபம் நியாயம்தான். வாயால் சொல்லவில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன், எடுபடவில்லை. இன்று போய் நேராக, "என்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல. பரீட்ச முடியட்டும்" என்றாள். பாதிப் பொட்டலம் வேர்க்கடலையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள்.

அம்மாவிடம் ஃபிசிக்ஸ்தான் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகப் பாத்திரங்களை டங்கென்று வைக்கிறாள்.

மார்ச் 24, செவ்வாய்

பிராக்டிகல் பரீட்சை. காலை இரண்டு இட்லி.

எக்ஸ்டர்னல் வெளியூர்க்காரர். வயதானவர், உர்ரென்று இருந்தார். தட்டு என் முன்னால் வந்தது. சார் நகரவில்லை. எடுத்தேன், பிரித்தேன். ஸ்பெக்ட்ரோமீட்டர்.

கடவுளே! ப்ரிஸத்தில் ஒளி வளையும் கோணத்தை அளக்கும் கருவி, எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒன்று. சுற்றிச் சுற்றி வர வேண்டும், டெலஸ்கோப்பைத் துரத்திக்கொண்டே போக வேண்டும். சீட்டு வேண்டும் என்று அடம் பிடித்ததற்கு இது வேண்டும் எனக்கு. அப்போது உண்மையாகவே சாரின் ஈசியான எக்ஸ்பெரிமென்ட் மேல் ஆசை வந்தது.

மூன்று மணி நேரம். ஸ்டூலை ஆறு இடத்துக்கு இழுத்தேன். ப்ரிஸம் கோணம் வந்தது, சுமாராக. மீதி ரீடிங்கும் வந்தது. கணக்கு முடிக்க நேரம் பத்தவில்லை, கடைசி வரி பாக்கி.

எக்ஸ்டர்னல் வந்தார். தாளைப் புரட்டினார். கேலிப்பரை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான்.

"மினிமம் டீவியேஷன்ல ப்ரிஸத்துக்குள்ள ஒளி எப்பிடிப் போகும்?"

தெரியும். நூறு தடவை படித்தது. வாய் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. சார் தூரத்தில் நின்று என்னைப் பார்த்தார், வாயெடுக்கப் போனார், எடுக்கவில்லை.

"என்னம்மா முழிக்கிற? இதக்கூடப் படிக்காமயா வந்த? கணக்கும் முடிக்கல. மூணு மணி நேரம் என்ன செஞ்ச?"

லேப்பில் எல்லாருக்கும் கேட்டது. காது சிவந்துவிட்டது எனக்கு. முந்தின ஆள் முத்துராஜுக்கும் இதே திட்டுத்தான் விழுந்தது, இதைவிட உரக்க. எனக்குக் கொஞ்சம்கூடக் குறைக்கவில்லை.

மார்க்கை எழுதினார். தலைகீழாகப் பார்க்க முயன்றேன், கையால் மறைத்துக்கொண்டார்.

"அடுத்து என்ன படிக்கப்போற?"

"எம்.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் சார்."

"அப்ப இதையெல்லாம் ஒழுங்காப் படிச்சுட்டுப் போ. அங்க இப்பிடி நின்னா வெளிய அனுப்பிருவாங்க. அடுத்த ஆளு!"

பதில் பஸ்ஸில் ஞாபகம் வந்தது. ஒளி ப்ரிஸத்தின் அடிப்பக்கத்துக்கு இணையாகப் போகும்.